நெய் உறையாத சட்டி

நடுவட்டத்துக்காரர்கள் மேல் செல்லதுரைக்கு ஏழெட்டு வருஷத்துக் கோபம் உண்டு. தன் வாடகை ஜீப்பில் ஏறுகிற அந்த ஊர்க்காரர்களோடு அவர் சிரித்துப் பேசாததற்கு அதுதான் காரணம். அவருடைய மச்சினன் எட்மண்ட், மனைவி ஜெஸிந்தாவின் தம்பி, நடுவட்டம் எஸ்டேட்டின் தொழிலாளர் லைன் வீடுகளுக்கு இருபது வருஷம் மீன் கொண்டுவந்து போட்டவன். அந்த இருபது வருஷமும் ஒருத்தர் வாயிலும் வருவதில்லை. கடைசியாகச் செய்த ஒரே ஒரு காரியத்தைப் பிடித்துக்கொண்டு ‘தேங்காயெண்ணெய் எட்மண்ட்’ என்று பேரே வைத்துவிட்டார்கள்.

பேப்பூர்க் கடற்கரையிலிருந்து மீன் லாரி கூடலூர்ச் சந்தைக்கு வரும். எட்மண்ட் அங்கே மத்தி வாங்கி, மொபெட்டின் பின்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு மலையேறுவான். ஆட்கள் வேலைக்குக் கிளம்பும் முன்னே லைனில் அவன் ஹாரன் கேட்கும். முதல் வீடு இசக்கியம்மாவுடையது. போணி அவள் கையில்தான். அவள் குளித்துக்கொண்டிருந்தால் வரும்வரை நிற்பானே தவிர, அடுத்த வீட்டுக்குப் பெட்டியைத் திறக்க மாட்டான்.

“ஏனுங்கக்கா, கையத் தொட்டுக் குடுங்க.”

“உனக்குப் போணி பண்ணியே என் கைரேகை அழிஞ்சு போச்சு. ஒரு நாளாச்சும் ஒரு மீனு சேத்திப் போட்டிருக்கியா?”

“சேத்திப் போட்டா நெய்யில வழுக்கி உழுந்துருவீங்க.”

நெய் என்று அவன் சொன்னது மத்தியின் கொழுப்பை. லைன் பெண்களுக்குச் செவுளைத் தூக்கிப் பார்ப்பது போதாது. ராத்திரி வைத்த குழம்பைக் காலையில் திறந்து பார்ப்பார்கள். அந்தக் குளிரில் கொழுப்பு மேலே மஞ்சளாக, மெல்லிசாக ஆடை கட்டியிருக்கும். கட்டியிருந்தால் நல்ல மீன். இல்லாவிட்டால் ஐஸில் கிடந்த பழசு. கடற்கரைக்காரன் கேட்டால் சிரிப்பான். ஆனால் அந்த மலையில் மீன்காரனுக்குத் தீர்ப்பு சொன்னது சட்டிதான்.

ஒரு வருஷம் சட்டியில் நெய் உறையவில்லை. மீன் என்னவோ புதுசுதான். செவுள் சிவப்பாகத்தான் இருந்தது. வயிற்றைக் கீறினால் மட்டும் ஒன்றும் இல்லை. லாரி ஓட்டும் கொர்னேலியஸிடம் எட்மண்ட் சண்டைக்கே போனான்.

“என்கிட்ட எதுக்குப்பா கத்தறே?” என்றார் அவர். “கடல்ல சூடு ஏறிப்போச்சு. மத்தி குளிர்ந்த தண்ணி தேடி எங்கயோ போயிருது. இங்கயே நிக்கற மீனுக்குத் தீனி இல்ல, மெலிஞ்சு கெடக்குது. வள்ளக்காரனுக டீசலச் செலவு பண்ணிப் போயி, வெறும் வலையோட வர்றானுக.”

எட்மண்ட் அதை வாசல் வாசலாகச் சொன்னான்.

“இங்க பச்சத்தண்ணியில கை வெக்க முடியல, கடல் சூடாயிருச்சாமா?” என்றாள் இசக்கியம்மா. “யாரு உலை வெச்சது, நீயா?”

லைனே சிரித்தது. அவனும் சிரித்தான். ஆனால் அடுத்த வாரம் அவள் அரைக்கிலோதான் வாங்கினாள். அதற்கடுத்த வாரம் போணிக்காக நாலு மீன் எடுத்தாள்.

அந்த நாலு மீனை அவனால் தாங்க முடியவில்லை. ஒரு நாள் கூடலூரிலேயே உட்கார்ந்து, மத்திகளின் வயிற்றைக் கீறி, உள்ளே தேங்காயெண்ணெய் தடவிவிட்டான். லாபத்துக்குச் செய்யவில்லை, எண்ணெய் விற்கிற விலைக்கு நஷ்டம்தான். மறுநாள் அவள் சட்டியைத் திறக்கும்போது வெறும் குழம்பு இருக்கக்கூடாது, அவ்வளவுதான் அவன் நினைத்தது. ஆனால் அந்தக் குளிரில் தேங்காயெண்ணெய் எப்படி உறையும் என்பதை யோசிக்காமல் விட்டான்.

காலையில் சட்டியில் மெழுகு ஊற்றியதுபோல் வெள்ளையாகக் கெட்டித்திருந்தது. இசக்கியம்மா மோந்து பார்த்தாள். சட்டியை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கே வந்து ஹாரன் சத்தத்துக்காக நின்றாள். அவன் மொபெட்டை நிறுத்தியதும் சட்டியைக் காலடியில் வைத்தாள். கத்தவில்லை.

“இனிமே வேற ஊட்டுல போணி பாத்துக்கப்பா.”

திட்டியிருந்தால் பிழைத்திருப்பான் என்று செல்லதுரை இன்றும் நினைக்கிறார். வேறு வீட்டில் எட்மண்ட் போணி பார்க்கவே இல்லை. மொபெட்டை விற்றான். கூடலூரில் லாரிக்கு ஐஸ் சுமந்தான். கல்யாணமும் செய்துகொள்ளாமல், அக்கா வீட்டில் ஒரு மூலையில் படுத்துக்கொண்டான். செல்லதுரை ஒரு தடவை லைனுக்கே போய்க் கேட்டார்.

“இருவது வருசம் உறைஞ்ச நெய்ய எந்தச் சட்டியில வெச்சிருக்கீங்க?”

இசக்கியம்மா கதவைச் சாத்திக்கொண்டாள்.

போன மழைக்காலத்தில் எட்மண்டின் ஈரல் கெட்டது. குடித்துக் கெடுத்தான் என்று ஊர் சொன்னது. அவன் குடித்ததே இல்லை. கூடலூர் ஆஸ்பத்திரியில் கண்ணெல்லாம் மஞ்சளாகிக் கிடந்தவனைப் பார்க்க, செல்லதுரை சந்தை வழியாகப் போனார். மத்தி வந்திருந்தது. ஒரு மீனை எடுத்து விரலால் வயிற்றைப் பிதுக்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு, குழாயில் கையைக் கழுவிக்கொண்டு போனார்.

“மாமா, மத்தி வந்துதா?”

“வந்துது மாப்ள.”

“நெய் இருக்குதா?”

“பரவால்ல. இந்தத் தடவ தேறும்.”

எட்மண்ட் அவர் கையைப் பிடித்தான். பாசத்தில் பிடிக்கிறான் என்று நினைத்து அவரும் கையைக் கொடுத்தார். அவன் அந்த விரல்களைத் தன் கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தான். நெய்மத்தி தொட்ட கை ஒரு குழாய்த் தண்ணீரில் போகாது, நாளெல்லாம் பிசுபிசுக்கும். செல்லதுரையின் விரல்கள் காய்ந்து, சொரசொரவென்றிருந்தன.

“பொய் சொல்ல உங்களுக்கும் வரல,” என்றான். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். கையை விடவில்லை.

“என்னைக்காச்சும் நெய்மத்தி வரும் மாமா. வந்தா, மொதக் கிலோவ இசக்கியக்கா ஊட்டுக்குக் கொண்டு போங்க. என் பேரச் சொல்லாதீங்க. ராத்திரி கொழம்பு வெச்சுட்டு, காலைல சட்டியத் தொறந்து பாக்கச் சொல்லுங்க.”