பெட்டி பெட்டியாய் வந்த எழுத்து

பிள்ளைகளே, உங்கள் ராத்தாவின், அதுதான் என் மூத்த மகளின், லெப்டொப் ஏன் இன்னும் வீட்டுக்கு வரவில்லை என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன்.

கடற்கரையில் கொட்டில் போட்டிருக்கும் நம் வாடிக்குக் கடலட்டை வாங்க ஒரு சீனக்காரர் வருவார். நாள் முழுக்க உப்புத் தண்ணீரில் நின்று கழுவி, அவித்துக் காயவைத்துச் சாக்கில் கட்டுவது என் வேலை. அவர் காட்டிய சீன எழுத்தைப் பார்த்துப் பார்த்து நானே சாக்கின்மேல் மையால் கீறிவிடுவேன். பூ வரைவதுபோலத்தான். அவருடைய கம்பியூட்டர் பழுதானபோது ராத்தாவின் லெப்டொப்பை இரவல் கேட்டார். பகலில் அவரிடம் இருக்கும். பின்னேரம் ராத்தா படிக்க எடுத்துக்கொள்வாள்.

பிறகு இணைய மோசடி என்று பொலிஸார் அவரைப் பிடித்தார்கள். லெப்டொப்பும் போனது. அதில் இருந்ததோ ராத்தாவின் பெயர்.

என்னைக் கொழும்புக்கு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். போனேன், வந்தேன், மறுபடியும் கூப்பிட்டார்கள். பஸ்ஸில் இருந்து இருந்து கால் மரத்துப்போகும். ஒவ்வொரு தடவையும் அதே கதிரையில் இருத்தி அதே கேள்வி. அண்ணன் என்கிற முறையில் எல்லோரும் என்னை 'நானா' என்றுதான் கூப்பிட்டார்கள். கடைசியில் ஓர் அதிகாரி, லெப்டொப்பில் யார் எப்போது என்ன தேடினார் என்ற விவரத்தை அச்சடித்து என் முன்னே வைத்தார். நேரம் தெளிவாக இருந்தது. தேடிய சொற்கள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சின்னச் சின்னப் பெட்டிகள்.

"நானா, இது எல்லாம் சீன பாஷை. பகலும் இருக்கு, பின்னேரமும் இருக்கு. பின்னேரம் மகள்கிட்ட எண்டு நீங்கதானே சொன்னீங்க. அப்ப மகளுக்கும் சீனம் தெரியுமா?"

"அவளுக்கு எங்க சேர் தெரியும்."

"உங்களுக்குத் தெரியும்தானே. சாக்கு முழுக்க எழுதியிருக்கீங்க."

"அது பார்த்துக் கீறினது சேர்."

"கையெழுத்து நல்லா இருக்கு நானா," என்று பக்கத்து மேசைக்காரர் சிரித்தார்.

அடுத்த தடவை மகளையும் கூட்டிவரச் சொன்னார்கள். பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. வழக்கில் அவள் பெயர் ஏறிவிட்டால் என்ன செய்வது? அவளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அன்று கம்பியூட்டர்களை ஆராயும் பெண் அதிகாரி ஒருவர் இருந்தார். பெட்டி என்பது எழுத்தே இல்லை, எழுத்தைக் காட்டத் தெரியாத இடத்தில் இயந்திரம் போடுகிற அடையாளம் என்றார். அதைக் கவனிக்காமல் எல்லாவற்றையும் சீனம் என்று எடுத்துவிட்டார்களாம். அவர் மூலப் பதிவை வேறு விதமாகத் திறந்தார். பெட்டிகள் போய்விட்டன. பகல் வரிகளில் சீனம் வந்தது. நான் சாக்கில் கீறுகிற எழுத்தும் அதில் இருந்தது. பின்னேர வரிகளைக் காட்டி அவர் கேட்டார்:

"நானா, இது தமிழ்தானே? வாசிங்க."

வாசித்தேன். கண்டல் மரத்தின் மூச்சு வேர். உயிரியல் கடந்தகால வினாத்தாள். அதற்குக் கீழே, உப்புத் தண்ணீரில் வெடித்த காலுக்கு மருந்து. அதோடு நிறுத்திவிட்டேன். ராத்தா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சீன வரிகளை மொழிபெயர்ப்பாளர் வாசித்து முடிக்கும்வரை வெளியே இருந்தோம். சிலது கடலட்டை விலை என்றார்கள். மற்றதை எங்களுக்குச் சொல்லவில்லை.

"மகள் போகலாம். லெப்டொப் வழக்கு முடியும்வரை இங்கதான்," என்றார் அந்தப் பெண் அதிகாரி.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் சொன்னாள்.

"என்ட குறிப்பெல்லாம் அதுலதான் வாப்பா."

"ஓம் மகள்."

"முதல்ல இருந்து எழுதோணும்."

"எழுது மகள்."

ஊருக்குத் திரும்புகிற பாலாவிச் சந்தி வரும்வரை என் தோளில் சாய்ந்து தூங்கினாள். இப்போது கொப்பியில் எழுதிக்கொண்டிருக்கிறாள். பரீட்சை முடியும்வரை மேசையை அவளுக்கு விட்டுக்கொடுங்கள்.