பெட்டியைத் தூக்கிய முதுகு

போன வாரம் அரும்பாவூர் சமுதாயக் கூடத்தில் சட்டையைக் கழற்றிவிட்டு நின்றேன். முதுகு முழுக்க ஸ்டிக்கர். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வயர் கிளம்பி கம்ப்யூட்டருக்குப் போனது. வேண்டுதல் எல்லாம் இல்லை – ஆராய்ச்சி!

குனிந்து தூக்கும்போது கீழ்முதுகில் எவ்வளவு சுமை ஏறுகிறது என்று கலைவாணி என்ற பெண் பிஎச்.டி. செய்கிறார். இடுப்பு வலிக்காரர்கள் வேண்டும் என்றார். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் வருஷக்கணக்காக பஸ்ஸில் குலுங்கிக் குலுங்கிப் போய்வருகிறவன் நான். இதைவிடத் தகுதி வேண்டுமா?

சாயங்காலம் அவருடைய கைடு வருகிறார். அதற்குள் உருப்படியாக ஒரு கிராஃப் வராவிட்டால் பிஎச்.டி. இன்னும் ஒரு வருஷம் இழுக்கும். பாவம், அந்தப் பயம் முகத்திலேயே தெரிந்தது.

வேலை சுலபம்தான். மணல் நிரப்பிய பிளாஸ்டிக் பெட்டியைக் குனிந்து தூக்க வேண்டும். குனிந்தேன். கை வைப்பதற்குள் பெட்டி மேலே போய்விட்டது. பார்த்தால், அடுத்த ஆளாக நின்ற பழனிவேல் அதைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். வெங்காய மூட்டை சுமந்து சுமந்து இடுப்பு போனவர். அவரும் ஆராய்ச்சிக்குத்தான் வந்திருந்தார்.

“நீங்க வுடுங்க சார், புடிச்சிக்கப் போவுது” என்றார்.

நான் தனியாகத்தான் தூக்க வேண்டும் என்று கலைவாணி பொறுமையாக விளக்கினார். பழனிவேல் நன்றாகத் தலையாட்டினார். மறுபடி குனிந்தேன்... மறுபடி அவர் கை. குற்றம் சொல்ல முடியுமா? பஸ்ஸில் முன்பின் தெரியாதவர் பையைக்கூட வாங்கி மடியில் வைத்துக்கொள்கிற ஜனம் நாங்கள். வலிக்காரன் குனிந்தால் சும்மா நிற்குமா?

“வலிக்குதுன்னு தெரிஞ்சும் பாத்துக்கிட்டு நிக்கச் சொல்றீங்களாம்மா?” என்று அவர் கேட்டபோது கலைவாணிக்கு அழுகையே வந்துவிட்டது. சாக்பீஸால் தரையில் கோடு போட்டு, தாண்டக் கூடாது என்றார். பழனிவேல் தாண்டவில்லை. கையை மட்டும் நீட்டினார்.

கைடு வந்தார். என் கிராஃபைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. அத்தனை பாரம் தூக்கியும் முதுகுத் தசை அலட்டிக்கொள்ளவே இல்லையே, இந்த வட்டாரத்துச் சாப்பாடு காரணமாக இருக்குமோ, தனிக் கட்டுரையே எழுதலாமே என்றார். நிஜம் தெரிந்தும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

கலைவாணி வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர் பிஎச்.டி. தப்பித்திருக்கும். ஆனால் மனசு கேட்கவில்லை.

“சார்... பெட்டியத் தூக்குனது இவரு இல்ல.”

கைடுக்கு வந்ததே கோபம். எல்லாவற்றையும் கட்டச் சொன்னார். அதே வேகத்தில், வண்டியில் ஏற்ற மணல் பெட்டியைத் தானே தூக்கக் குனிந்தவர், பாதியில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். அவ்வளவுதான் – பழனிவேல் கோட்டைத் தாண்டிவிட்டார்.

“அண்ணே, கொஞ்சம் இருங்க... ஒட்டிக்கிறேன்” என்று கலைவாணி ஸ்டிக்கரும் கையுமாக ஓடினார். அதற்குள் பெட்டி வண்டியில் ஏறிவிட்டது. பழனிவேல் தன் இடுப்பைப் பிடித்தபடி, நம்ம முறை எப்பம்மா வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆமாம்... சுமை ஏறுகிற முதுகில் என்றைக்கு யார் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள்?