அண்ணி பேசாமல் இருக்கும் நேரம்

எங்கள் வீட்டில் மெதுவாகப் பேசத் தெரிந்த ஒரே ஆள் அண்ணிதான். அண்ணன் ஹாலில் பேசினால் கீழ்வீட்டுக்காரர் பதில் சொல்வார். நான் அதற்கும் ஒருபடி மேலே. எனக்குக் கோபம் வந்தால் முதலில் குரல் வரும், காரணம் பின்னால்தான் வரும். இப்படிப்பட்ட வீட்டுக்கு வாழ வந்தவர் எங்களைத் திருத்தவும் இல்லை, எங்களைப் போல ஆகவும் இல்லை. "நாள் முழுக்க பேச்சு வராதவங்களோட உக்காந்துட்டு வர்றேன். வீட்ல கொஞ்சம் சத்தம் இருந்தா எனக்கு நல்லாத்தான் இருக்கு" என்று எங்கள் மானத்தைக் காப்பாற்றுவார்.

அண்ணிக்குப் பேச்சுப் பயிற்சி தருகிற வேலை. பக்கவாதம் வந்து பேச்சுப் போனவர்களைத் திரும்பப் பேச வைக்க வேண்டும். என் வேலை ஆபீஸ் ஆபீஸாகப் போய் ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் பார்ப்பது. எனக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவராவது இருக்கிறது. அண்ணிக்கு என்ன இருக்கிறது என்று ஒருநாள் கேட்டேன். "கேள்வி கேக்கணும். அப்புறம் வாயை மூடிக்கிட்டு இருக்கணும். அவ்வளவுதான் தம்பி" என்றார்.

கேட்க எளிதாக இருக்கும். அவர்களுக்கு வார்த்தை உள்ளே இருக்கிறது, வெளியே வரும் வழி மட்டும் அடைபட்டிருக்கிறது. தொண்டை வரைக்கும் வந்த வார்த்தை நாம் ஒரு "ம்" சொன்னால்கூடத் திரும்பி ஓடிவிடுமாம். அதனால் கேள்வி கேட்ட பிறகு அண்ணி மூச்சுச் சத்தம்கூடக் கேட்காமல் உட்கார்ந்திருப்பார். இந்த வித்தையை அண்ணனிடமும் காட்டுவார். "எங்க போயிருந்தீங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா இருப்பார். அண்ணன் போன மாதம் செய்தது வரைக்கும் தானாகவே ஒப்பித்துவிடுவார்.

முழங்காலில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அண்ணி வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார். பயிற்சி மையத்தில் லேப்டாப் கொடுத்திருக்கிறார்கள். அதன் வழியாகத்தான் எல்லாரிடமும் பேச வேண்டும், சொந்த போனில் பேசக்கூடாது என்பது அவர்கள் சட்டம். எங்கள் வீட்டில் அமைதியான இடத்துக்கு எங்கே போவது? தேடித் தேடிக் கடைசியில் துணி அலமாரி இருக்கிற சின்ன அறையைப் பிடித்தார். நாலு பக்கமும் தொங்குகிற சட்டையும் போர்வையும் எங்கள் சத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும். அந்த அறையில் பிளக் கிடையாது. காலையில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு உள்ளே போனால் மதியம் வரை தாங்கும்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்த லேப்டாப் தினமும் "புதிய பதிப்புக்கு மாறலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. ஒருநாள் அண்ணி, "பாவம், எவ்வளவு நாளா கேக்குது" என்று இரக்கப்பட்டுச் சரி என்று அழுத்திவிட்டார். மெஷினுக்கெல்லாமா இரக்கப்படுவார்கள்? எங்கள் அண்ணி படுவார்.

அதற்குப் பிறகுதான் ஏலக்காரரோடு பேசும்போது லைன் அறுந்து அறுந்து போக ஆரம்பித்தது.

ஏலக்காரர் என்றால் காய்கறிச் சந்தையில் ஏலம் விட்டுக்கொண்டிருந்தவர். அவர் குரலுக்காகவே சந்தைக்கு வந்தவர்கள் உண்டு என்பார்கள். பக்கவாதம் வந்து வாய் ஒரு பக்கம் கோணிப்போனது, பேச்சு சுத்தமாகப் போய்விட்டது. கோணின முகத்தை யாருக்கும் காட்ட மாட்டேன் என்று கேமராவைக் கையால் பொத்திவிடுவாராம். அதனால் அவரோடு மட்டும் படம் இல்லாமல் குரலில்தான் பயிற்சி. பக்கத்தில் அவர் மகள் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சீக்கிரமே "தண்ணி" வந்தது, "வேண்டாம்" வந்தது. அதிலும் "வேண்டாம்" ரொம்பத் தெளிவாக வந்தது என்று அண்ணி சிரித்துச் சிரித்துச் சொன்னார்.

இப்போதோ அவர் ஒரு வார்த்தையைத் தேடிக்கொண்டு இருக்கும்போதே லைன் போய்விடும். திரும்பப் பிடிப்பதற்குள் வார்த்தை போய்விடும். மறுபடி கேட்டால் மறுபடி அறுபடும். ஒருநாள் மகள் அந்த லேப்டாப்பிலேயே அண்ணியைக் கூப்பிட்டாள். அன்றைக்கு அண்ணி ஹாலில் இருந்ததால் எல்லாம் என் காதிலும் விழுந்தது.

"அப்பா இனிமே உக்கார மாட்டேங்கறார் மேடம். நீங்க சலிச்சுப்போய் கட் பண்றீங்கன்னு நினைக்கறார். போனைக் காட்டறார், தன்னைக் காட்டறார், அப்புறம் கையை இப்படி வெட்டிக் காட்டறார். மையத்துல கேட்டேன், வேற யாருக்கும் கட் ஆகலையாம். அதையும் நான் வாய்தவறி அவர்கிட்ட சொல்லித் தொலைச்சுட்டேன்."

"நான் கட் பண்ணலைம்மா."

"எனக்குத் தெரியும் மேடம். அவர் நம்பணுமே. கெஞ்சிக் கெஞ்சி வெள்ளிக்கிழமை ஒருதடவைக்கு மட்டும் சம்மதிக்க வச்சிருக்கேன். அதுவும் கட் ஆச்சுன்னா அவ்வளவுதான்."

பேசி முடித்து அண்ணி லேப்டாப்பை மூடினார். கண் கலங்கியிருந்தது. "அழுகையா வருது தம்பி. இந்த மாசங்கள்ல விட்டுட்டா அப்புறம் அவருக்குப் பேச்சு வர்றது ரொம்பக் கஷ்டம். யாருக்காகவும் காத்திருக்காத மனுஷன், இத்தனை நாள் எனக்காகப் பொறுமையா உக்காந்தார். நான் அவரை உதறிட்டேன்னு நினைச்சுக்கிட்டு முடங்கிடுவாரேன்னுதான் தாங்கலை."

அண்ணி அழுது நான் பார்த்ததில்லை. வழக்கம்போல வருத்தத்தைக் கோபமாக மாற்றிக்கொண்டு இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் போட்டேன்.

"வைஃபை பெட்டியில லைட் பச்சையா எரியுதா சார்?" என்று ஒரு பெண் அமைதியாகக் கேட்டாள்.

"பச்சையாத்தான் எரியுது. என் வயிறும் சேர்ந்து எரியுது" என்றேன்.

ஆள் வந்தான், பெட்டியையே மாற்றினான். நான் அதைத் தூக்கித் துணி அறை வாசலிலேயே மாட்டினேன். அண்ணன் ஆஃப் பண்ணி ஆன் பண்ணு கட்சி. உலகத்தில் எந்தக் கோளாறுக்கும் அவரிடம் அந்த ஒரு மருந்துதான். அதையும் செய்தோம். கேபிள் போடலாம் என்று பார்த்தால் அந்த ஒல்லிக்குச்சி லேப்டாப்பில் கேபிள் சொருக ஓட்டையே இல்லை.

பிறகு லேப்டாப்பை ஹாலுக்கு எடுத்துவந்து, சார்ஜரை மாட்டி, என்னோடு வேலை பார்க்கிறவனைக் கூப்பிட்டு எங்கள் மேனேஜரைப் பற்றி ஆசை தீரப் பேசினேன். லைன் அசையவே இல்லை. "சரியாயிடுச்சு அண்ணி" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். அடுத்த நாள் வேறு ஒரு அம்மாவோடு படத்தோடு பயிற்சி நடந்தது. அதுவும் அறுபடவில்லை.

"பாத்தீங்களா, கோளாறு அவர் பக்கம்தான்" என்றேன்.

"அதே போன்ல அவர் பொண்ணு தன் அக்காகிட்ட மணிக்கணக்கா பேசுதே, அது கட் ஆகலையே" என்றார் அண்ணி. கொஞ்சம் யோசித்துவிட்டு, "தம்பி, நீங்க என்கிட்ட ஏலக்காரரா உக்காருங்க" என்றார்.

வியாழக்கிழமை நான் போனோடு மொட்டைமாடிக்குப் போனேன். அண்ணி துணி அறைக்குள் போனார். படத்தை நிறுத்திக்கொண்டோம். "காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டுவிட்டு அண்ணி அடங்கிவிட்டார். நானும் வாயைத் திறக்கக்கூடாது என்று உத்தரவு. முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் எரிச்சல் வந்தது. பிறகு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை, மனசு இறங்கி அடங்கியது. என்னை யாரும் விரட்டவில்லை. அந்தப் பக்கம் ஒரு ஆள் எனக்காகவே உட்கார்ந்திருக்கிறார். சின்ன வயதிலிருந்து யாராவது என்னிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருந்தால் எனக்கு இவ்வளவு கத்த வேண்டியிருந்திருக்காதோ என்று தோன்றியது.

அப்போது லைன் போய்விட்டது.

மறுபடி பிடித்தோம். பேசினால் நின்றது. பேசாமல் இருந்தால் போனது. என் போனிலிருந்தே லேப்டாப்புக்கு ஹாட்ஸ்பாட் கொடுத்துப் பார்த்தேன், அப்போதும் அதே கதைதான். அப்படியானால் வைஃபை பெட்டி மேல் குற்றமில்லை, லேப்டாப்புக்கு உள்ளேதான் ஏதோ இருக்கிறது. படியில் தடதடவென்று இறங்கி வந்தேன்.

"அண்ணி, நீங்க பேசாம இருக்கறதுதான் பிரச்சினை."

"கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல இந்தக் குறையை யாரும் சொன்னதில்லையே" என்றார்.

விஷயம் இதுதான். புதிய பதிப்புக்கு ஒரே சிக்கனம். பிளக்கில் மாட்டாமல் பேட்டரியில் ஓடும்போது, வைஃபை வழியாகக் கொஞ்ச நேரம் எதுவும் போகவில்லை, வரவில்லை என்றால், வேலை முடிந்துவிட்டது என்று அது வைஃபையைத் தூங்க வைத்துவிடுகிறது. ஆள் உள்ளே இருப்பது தெரியாமல் விளக்கை அணைத்துவிட்டுப் போகிற மாதிரி. மற்றவர்களோடு பேசும்போது படம் ஓடிக்கொண்டே இருக்கும், அதனால் தூங்காது. நான் ஹாலில் சார்ஜரை மாட்டிக்கொண்டு மேனேஜரைத் திட்டியபோதும் தூங்கவில்லை. ஏலக்காரரோடு மட்டும்தான் படமும் கிடையாது, சத்தமும் கிடையாது. வார்த்தை வரப்போகிற நேரம் பார்த்து இது குறட்டை விட்டிருக்கிறது.

செட்டிங்ஸில் தோண்டித் தோண்டிக் கடைசியில் ஒரு டிக்கைக் கண்டுபிடித்தேன். சார்ஜ் மிச்சம் பிடிக்க வைஃபையை அணைக்கலாம் என்று அதுவாகவே போட்டுக்கொண்ட டிக். எடுத்துவிட்டேன். லேப்டாப்பை மறுபடி போட்டால் அந்த டிக் சட்டமாக வந்து உட்கார்ந்திருக்கிறது. எனக்கு வந்த கோபத்தில் நான் அதைத் திட்டியதைக் கேட்ட கீழ்வீட்டுக்காரர் தன்னைத்தான் திட்டுகிறேன் என்று நினைத்து மேலே வந்துவிட்டார். அவரைச் சமாதானம் பண்ணி அனுப்பிவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். வைஃபையை எப்படி நடத்துவது என்று லேப்டாப்புக்குச் சொல்லுகிற சின்ன புரோகிராம் ஒன்று உண்டு. புதிய பதிப்பு தன்னோடு அதிலும் புதுசைக் கொண்டுவந்திருந்தது, அதுதான் டிக்கைத் திரும்பத் திரும்பப் போடுகிறது. அதை எடுத்துவிட்டுப் பழையதையே உள்ளே வைத்தேன்.

"இப்ப ஆஃப் பண்ணி ஆன் பண்ணு" என்றார் அண்ணன்.

பண்ணினேன். டிக் வரவில்லை. தன்னால்தான் சரியாயிற்று என்று அண்ணன் அன்றைக்குப் பூராவும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். மொட்டைமாடிக்கு ஒரு காபியோடு போய் வாயைத் திறக்காமல் உட்கார்ந்தேன். காபி ஆறி அவலாகிவிட்டது, லைன் போகவில்லை. இருந்தாலும் ஹாலிலிருந்து ஒரு நீள வயரைத் துணி அறைக்குள் இழுத்து சார்ஜரையும் மாட்டிவைத்தேன். எதற்கும் இருக்கட்டும் என்றுதான்.

வெள்ளிக்கிழமை அண்ணி மகளிடம் அனுமதி கேட்டு என்னையும் உள்ளே உட்கார வைத்துக்கொண்டார். மெஷின் ஏதாவது செய்தால் உடனே பார்க்க வேண்டுமே. ஸ்பீக்கரைப் போட்டார்.

"ஐயா, கட் பண்ணது நான் இல்லை. நாம ரெண்டு பேரும் பேசாம இருந்ததைப் பாத்து யாருமே இல்லைன்னு இந்த மெஷின் தூங்கிடுச்சு. இப்ப சரி பண்ணியாச்சு."

"முகத்தைத் திருப்பிக்கிட்டார் மேடம்" என்று மகள் மெதுவாகச் சொன்னாள். எனக்கு மனசு விட்டுப்போனது.

அண்ணி விடவில்லை. "தினமும் நான்தானே கேள்வி கேக்கறேன். இன்னிக்கு நீங்க ஒண்ணு கேளுங்க. என்ன வேணும்னாலும் கேளுங்க" என்றார். அவ்வளவுதான். கைகளை மடியில் வைத்துக்கொண்டு அடங்கிவிட்டார்.

சத்தமே இல்லை. நான் திரையில் வைஃபை குறியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது இருந்தது. ஆனால் அந்தப் பக்கம் ஆள் இருக்கிறாரா, போனைக் கவிழ்த்துவைத்துவிட்டு எழுந்து போய்விட்டாரா என்று எப்படித் தெரியும்? ஹலோ என்று ஒரு வார்த்தை சொன்னால் தெரிந்துவிடும். வாய் வரைக்கும் வந்துவிட்டது. அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார், நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். நேரம் போய்க்கொண்டே இருந்தது. முடிந்தது, அவர் போய்விட்டார் என்றே நினைத்தேன்.

"இ..." என்று ஒரு குரல் வந்தது. கரகரப்பான, கனத்த குரல். நின்றுவிட்டது.

அண்ணி அசையவில்லை. குறி அப்படியே இருந்தது.

"இருக்... இருக்கீங்... களா?"

படுத்ததிலிருந்து அவர் யாரிடமும் கேட்ட முதல் கேள்வி அது. மகள் விசும்புவது கேட்டது. அண்ணியின் கன்னம் நனைந்திருந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

"இருக்கேன் ஐயா," என்றார். "இங்கதான் இருக்கேன்."