மாமி தூற்றிய மண்

மாமியின் கையிலிருந்து பறந்த செம்மண்தான் எனக்கு முதலில் ஞாபகம் வரும். மாமி என் அப்பாவின் அக்கா. அப்போது நான் சின்னப் பெண். பலாலிப் பக்கத்து எங்கள் ஊர் முழுவதையும் ராணுவம் ஒரே காலையில் கலைத்தது. அடுப்பில் உலை கொதிக்கக் கொதிக்க வெளியே வந்தோம். மாமா கடல்கடந்து உழைத்துக் கட்டிய வீடு, சுவரில் சுண்ணாம்பு மணம்கூடப் போகவில்லை. படலையைத் தாண்டியதும் மாமி குனிந்து இரண்டு கையாலும் மண்ணை அள்ளி வீட்டைப் பார்த்துத் தூற்றினார். "இந்த வீட்டில இனி ஆர் குடியிருந்தாலும் நாசமாப் போகவேணும். அவங்கட வம்சம் தழைக்கக்கூடாது!" மண் அள்ளித் தூற்றுவது எங்கள் பக்கத்தில் விளையாட்டல்ல. வயிறெரிந்து தூற்றினால் பலிக்கும் என்று நம்புகிறவர்கள் நாங்கள். படலையில் நின்ற சிப்பாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை, சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இப்போது மாமாவும் மாமியும் வெளிநாட்டில், பென்டில் ஹில்லில் எங்களோடு இருக்கிறார்கள். சென்ற வருடம் என் மகள் பள்ளிக்கூடப் பாடத்துக்காக அமெரிக்காவின் செரோக்கி மக்களைப் பற்றிப் படித்தாள். துவக்கு முனையில் அவர்களை வீட்டை விட்டு இறக்கியதையும், அவர்கள் வாசல் தாண்டுமுன்னே வேறு ஆட்கள் உள்ளே புகுந்து சாமான்களை அள்ளியதையும் மாமிக்காக நான் தமிழில் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமி கையை நிறுத்தினார்.

"அதுகள் மண் அள்ளித் தூத்தினதுகளோ?"

மகள் "ஐ டோன்ட் நோ" என்றாள்.

"தூத்தியிருக்கவேணும்," என்றார் மாமி. மறப்போம், மன்னிப்போம் என்று மேடையில் முழங்குகிறவர்களை ஒருநாள் எங்கள் குசினிக்குக் கூட்டிவர வேண்டும்.

மாமியின் வீட்டில் பல வருடங்கள் ராணுவ அதிகாரிகள் மாறி மாறி இருந்தார்கள். பிறகு ஒருநாள் ராணுவம் காணியை விட்டுவிட்டதாகச் செய்தி வந்தது. மாமா சின்னப் பிள்ளை மாதிரித் துள்ளினார். "செத்தாலும் என்ர வீட்டில சாவன்" என்று பெட்டி அடுக்கத் தொடங்கினார். மாமிதான் முகம் வெளிறிப்போய் இருந்தார். அவர் ராணுவம் என்று சொல்லித் தூற்றவில்லை, ஆர் குடியிருந்தாலும் என்றல்லவா தூற்றியிருந்தார்!

ஊர்க் கோயில் ஐயரிடம் போனில் கேட்டோம். தூற்றியவரே வாசலில் தண்ணீர் தெளித்து, சொன்ன வாயாலேயே சொல்லைத் திருப்பி எடுத்தால் போதும் என்றார். மாமாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"எடுத்தா, முந்தி இருந்தவங்களுக்கும் விட்டுப்போகுமோ ஐயா?" என்று கேட்டார் மாமி.

"சாபம் ஒண்டுதானே அம்மா. எடுத்தா எல்லாருக்கும்தான்."

"அப்ப நான் எடுக்கமாட்டன்."

மாமா கெஞ்சிப் பார்த்தார். "உனக்கு நான் பெரிசோ, அவங்கட நாசம் பெரிசோ?" என்று கத்தியும் பார்த்தார். வீடு மாமியுடைய சீதனக் காணியில் நின்றது, உறுதிப் பத்திரமும் அவர் பெயரில். ஊரில் இருக்கும் மருமகன் முறைப் பையன் ஒருவனைப் போனில் கூப்பிட்டு, வீட்டை இடிக்கச் சொல்லிவிட்டார். வீடு இல்லாவிட்டால் நம்மவர் எவரும் அதில் இருந்து அழியப்போவதில்லை, ஆனால் முந்தி இருந்தவங்கள் மேல் சாபம் அப்படியே கிடக்கும். இதுதான் அவருடைய கணக்கு. மாமாவை நினைத்து எனக்கு அழுகை வந்தது. இருந்தாலும் நான் மாமியின் பக்கம்தான். எங்களிடம் வேறென்ன ஆயுதம் இருந்தது?

போன மாதம் இடித்தார்கள். மருமகன் கைத்தொலைபேசியில் நேரடியாகக் காட்டினான். இயந்திரம் முன்விறாந்தையில் கை வைத்ததும் மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இனி நான் எங்க போறது?" என்றார்.

மாமி கதிரையை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டார். திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"நாங்கள் இஞ்சயே கிடப்பம். அவங்கள் தப்பக்கூடாது," என்றார். பிறகு போனைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, குசினிச் சுவர் இன்னும் நிக்குது. அதையும் தள்ளு."