சாயத் தண்ணீர் காட்டிய கை

என் மகளுக்குக் குரல் இருக்கிறது, மூச்சு இல்லை. கடவுள் இப்படித்தான் ஒன்றைக் கொடுத்துவிட்டு ஒன்றைப் பிடுங்கிக்கொள்வார். ஏன் என்று கேட்டால் பதில் வராது. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வீசிங். ஈரத்தில் ஒரு ராத்திரி படுத்தால் போதும், மறுநாள் நெஞ்சுக்குள் பூனை கத்தும். ஆனாலும் பாட்டை விடவில்லை. காலேஜ் இரண்டாம் வருஷத்தில், கல்வராயன் மலையில் நடக்கிற மூன்று நாள் பாட்டு விழாவுக்கு அவளைக் கூப்பிட்டார்கள். கடைசி நாள் மேடையில் ஒரே ஒரு பாட்டு, அவளே மெட்டுப் போட்டது. அதில் ஓரிடத்தில் ஒரே மூச்சில் நீளமாக இழுக்க வேண்டும். வீட்டில் எத்தனை தடவை பாடினாலும் அந்த இடத்தில் முட்டும். பாதியில் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, மீதியைப் பாடுவாள். பாடி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்க்க மாட்டாள்.

மலையில் தங்க அறை கிடையாது. புல்வெளியில் ஆளாளுக்கு டெண்ட் அடித்துக்கொள்ள வேண்டும். வாடகைக்குக் கேட்டதற்கு என் சம்பளத்தில் பாதியைச் சொன்னார்கள். புரட்டாசி மாசம் வேறு. மலையில் மதியத்துக்கு மேல் மழை பெய்யாத நாள் இருக்காது. டாக்டரம்மா ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்.

"போவட்டும், வேணாங்கல. ஆனா ஈரம் மேல படக் கூடாது. பட்டுச்சுன்னா மேடை ஏறவே முடியாது, ஆமாம்."

ஆக, நான் தேட வேண்டியது ஒரு சொட்டும் உள்ளே இறங்காத டெண்ட், அதுவும் என் கைக்கு எட்டுகிற விலையில். மகள் போனில் பத்துப் பதினைந்து காட்டினாள். எல்லாவற்றிலும் தண்ணீர் புகாது என்றுதான் எழுதியிருந்தது. எழுதியிருப்பதை நம்புகிற ஆளாக இருந்தால் விருத்தாசலத்துப் பீங்கான் யூனிட்டில் பதினெட்டு வருஷம் குப்பை கொட்டியிருக்க முடியாது. கரண்ட் கம்பத்தில் மாட்டுகிற பீங்கானைச் சரிபார்த்து அனுப்புவது என் வேலை. பார்க்க வழவழவென்று கண்ணாடியாட்டம் இருக்கும். சிவப்புச் சாயத் தண்ணீரில் ஊறப்போட்டுத் துடைத்தால்தான் வண்டவாளம் தெரியும். மயிரிழை விரிசல் உள்ள இடத்தில் மட்டும் சிவப்பு நிற்கும், மற்ற இடமெல்லாம் வெள்ளையாகிவிடும். கண்ணை ஏமாற்றலாம், சாயத்தை ஏமாற்ற முடியாது.

இருப்பதிலேயே மலிவானதை வரவழைத்தோம். அதை யூனிட்டுக்குத் தூக்கிப் போய், பின்பக்கத்து வெட்டவெளியில் அடித்து, வயலுக்கு மருந்தடிக்கிற பம்பில் சாயத் தண்ணீரை நிரப்பிப் பீய்ச்சினேன். தையல் ஒன்று விடாமல் ஒழுகியது. உள்ளே விரித்த வெள்ளை வேட்டி, கிடா வெட்டிய இடம் மாதிரி ஆனது. சரி, திருப்பி அனுப்பிவிட்டுக் காசை வாங்குவோம் என்று மடித்து வைத்தேன். எடுத்துப் போக வந்த ஆள் பையைத் திறந்து பார்த்துவிட்டு ஓரடி பின்னால் போனார்.

"யக்கா, இதுக்குள்ள யாரையாச்சும் கொன்னுட்டீங்களா?"

எடுத்துக்கொள்ளாமலே போய்விட்டார். மகளுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. "ஊர்ல எல்லாரும் ஒரு பக்கெட் தண்ணிய ஊத்திப் பார்ப்பாங்கம்மா. உனக்கு மட்டும்தான் சாயம் தோணும்." எனக்குச் சிரிப்பு வரவில்லை. புத்தி கெட்டவள் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். விழாவுக்கு எட்டு நாள்தான் இருந்தது, கையில் மிச்சம் எண்ணூறு.

அப்போதுதான் யூனிட்டில் கூட வேலை பார்க்கிறவள் சொன்னாள், மங்கலம்பேட்டையில் கல்ஃப் சாமான் ஒரு டெண்ட் விலைக்கு இருக்கிறது என்று. மறுநாளே பஸ் ஏறினேன். கடைத்தெருவுக்குப் பின்னால் மாடி வீடு. தலையில் முக்காடு போட்ட, ஐம்பது வயசுள்ள அம்மா ஒருவர் கதவைத் திறந்தார். டெண்ட் மண் நிறத்தில் இருந்தது. கனத்த துணி, உள்பக்கம் ரப்பர் மாதிரி ஏதோ பூசியிருந்தது. தையலையெல்லாம் இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை.

"அவரு கொண்டாந்தது" என்றார். "இனிமே எங்களுக்கு எதுக்கு. யாருக்கும்மா வாங்குறீங்க?"

"என் பொண்ணுக்கு, பாயம்மா. பாட்டுப் பாடப் போவுது."

அவர் துணியைத் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். எண்ணூறை நீட்டினேன். ஐந்நூறை மட்டும் எடுத்துக்கொண்டார். என் போன் நம்பரையும் வாங்கிக்கொண்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. மலிவாகக் கிடைத்தால் வாயை மூடிக்கொள்வது மனுஷ சுபாவம்.

மறுநாள் வேலை முடிந்ததும் அதே வெட்டவெளி, அதே பம்பு. இதைத் திருப்பித் தரப் போவதில்லை, சாயம் பட்டால் என்ன. கால் மணி நேரம் பீய்ச்சிவிட்டு உள்ளே நுழைந்தேன். எல்லாம் காய்ந்திருந்தது. தையலில் ஒரு கசிவு இல்லை. அப்பாடா என்று திரும்பினேன். இடது பக்கம், படுத்தால் தோள் உயரத்தில், சிவப்பாக ஒரு கை.

கறை கை மாதிரித் தெரிந்தது என்று யாரும் சொல்ல வேண்டாம். கைதான். ஐந்து விரல், உள்ளங்கை, கட்டைவிரல் மேடு எல்லாம் துல்லியமாக இருந்தது. நான் பார்க்கப் பார்க்க விரல் நுனியிலிருந்து சிவப்புச் சொட்டு உருண்டு கீழே இறங்கியது. பூச்சு அந்த இடத்தில் மட்டும் தேய்ந்திருக்கிறது, கை வியர்வை பட்டுப் பட்டுத் தேய்ந்திருக்கும், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதினெட்டு வருஷ அனுபவம், காரணம் கண்டுபிடிக்கத் தெரியாதா? ஆனால் அந்த அளவுக்குத் தேய வேண்டுமென்றால் ஒரு ஆள் எத்தனை நாள் அங்கே கை வைத்திருக்க வேண்டும்? என் கையை அதன் மேல் வைத்துப் பார்த்தேன். என் விரல்களைத் தாண்டி அது இருந்தது. வெடுக்கென்று எடுத்துவிட்டேன்.

சோப்புப் போட்டு நாலு தடவை தேய்த்தேன். சாயம் சுத்தமாகப் போய்விட்டது. வெயிலில் பிடித்துப் பார்த்தும் ஒரு தடம் தெரியவில்லை. மகளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டில் போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மதியம் மறுபடி மங்கலம்பேட்டைக்குப் போனேன்.

"பாயம்மா, அதுல ஒரு கை இருக்குது" என்றேன்.

அவர் திடுக்கிடவில்லை. "இடது பக்கம்" என்றார். "உக்காருங்க."

அவர் சொன்னது இதுதான். "பதிமூணு வருசம் பாலைவனத்துல, ஆட்டுப்பட்டியில வேலை. படுக்கையெல்லாம் இதுக்குள்ளதான். நெஞ்சு கெட்டுப்போயித்தான் ஊருக்கு வந்தாரு. வூட்டுக்குள்ள படுக்கவச்சா செவுரு அமுக்குதும்பாரு. மாடியில டெண்ட போட்டுக் குடுத்தோம். ஒருக்களிச்சுப் படுத்து, துணி மேல கைய வச்சுக்குவாரு. காத்துல துணி உள்ள வந்து வெளிய போவுமில்ல, அது கூடவே மூச்சு விடுவாரு. மூச்சு விட எனக்கு மறந்துபோச்சு, இதுக்கு ஞாபகம் இருக்குதும்பாரு."

"அதுக்குள்ளயேவா போயிட்டாரு?"

"இல்ல. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவையில மவுத்தாயிட்டாரு. அன்னைக்கு மழை. கை வச்ச எடத்துலேருந்து தண்ணி எறங்கி நனைஞ்சுக்கிட்டு இருந்தாரு. நனையாதீங்க, கைய எடுங்கன்னேன். எடுக்கல. நாந்தான் ஒவ்வொரு வெரலா எடுத்துவுட்டு வெளிய தூக்கச் சொன்னேன். படி எறங்கும்போதே மூச்சு நின்னுபோச்சு."

எனக்குக் கோபம்தான் வந்தது. "இதையெல்லாம் மொதல்லயே சொல்லக் கூடாதா? அதுல படுக்கப்போறவ மூச்சுக்குத் திண்டாடுற புள்ள."

"சொல்லியிருந்தா வாங்கியிருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அப்ப பரணுலயே மூச்சுமுட்டிக் கெடந்திருக்கும்" என்றார். யாருக்கு மூச்சு முட்டியிருக்கும் என்பதை அவர் சொல்லவில்லை. பிறகு உள்ளே போய், நான் கொடுத்த ஐந்நூறை அப்படியே எடுத்து வந்து காட்டினார். "வேணாம்னா கொண்டாந்துடுங்க. காசு இந்தா இருக்குது."

கொண்டுவந்து முகத்தில் எறிவது என்ற முடிவோடுதான் பஸ் ஏறினேன். விருத்தாசலத்தில் இறங்கும்போது தூறல். வீட்டை நெருங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. மாடியிலிருந்து மகளின் பாட்டுக் கேட்டது. யாரைக் கேட்டு டெண்டைப் பிரித்தாள் என்று திட்டிக்கொண்டே படியேறினேன். அந்த இடம் வந்தது, அவள் முட்டுகிற இடம். நான் படியிலேயே நின்றேன். குரல் போனது. போய்க்கொண்டே இருந்தது. அவளுக்காக நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்; எனக்கு முட்டியது, அவளுக்கு முட்டவில்லை.

ஜிப்பைத் திறந்தேன். மகள் இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தோள் உயரத்தில் துணியின் மேல் கையைப் பரப்பி வைத்திருந்தாள். அங்கிருந்து தண்ணீர் இறங்கி, மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"நனையிறே பாரு, கைய எடுடி" என்று கத்தினேன். கத்தின பிறகுதான் உறைத்தது, இதையேதான் அந்த அம்மாவும் அன்றைக்குச் சொல்லியிருக்கிறார்.

"இங்க வச்சா மூச்சு தானா வருதும்மா" என்றாள். "எடுத்தா முட்டுது. பாரேன்." கையை எடுத்துப் பாடினாள். பாதியில் நின்றது. மறுபடி வைத்தாள். கடைசி வரை போனது. அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை.

லாரி ஓட்டப் போயிருந்த என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். "காத்து கருப்பு ஏதாச்சும் ஒட்டியிருக்கும். தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கு" என்றார். வாங்கக் காசு அனுப்புங்கள் என்றேன். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டார்.

ராத்திரி பூராவும் யோசித்தேன். அந்த இடத்தை அடைக்காவிட்டால் பெண் நனைவாள், நனைந்தால் டாக்டரம்மா சொன்னது நடக்கும். உள்ளே ஒட்டுப் போட்டு அடைத்தால் அந்தக் கை மறைந்துபோகும், அதோடு அவள் மூச்சும் போய்விடும். கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தால் விழாவே இல்லை. எனக்குப் பேய் பயம் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய பயம், பாடி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காத அந்தப் பெண்ணை ஆயுசு முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பது.

காலையில் பஞ்சர் கடையில் பெரிய ஒட்டும் சொல்யூஷனும் வாங்கி வந்தேன். மகள் கீழே குளித்துக்கொண்டிருந்தாள். உள்பக்கத்தைத் தொடாமல் வெளிப்பக்கத்து ஈரத்தைத் துடைத்துச் சொல்யூஷன் தடவி, ஒட்டை வைத்து, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தேன். பஞ்சர் கடைக்காரர் இருநூறு எண்ணும் வரை விடாமல் அழுத்தச் சொல்லியிருந்தார். முப்பதோ நாற்பதோ எண்ணியிருப்பேன். என் கைக்கு அடியில் துணி மெதுவாக வெளியே வந்தது. பிறகு உள்ளே போனது. மறுபடி வந்தது. பக்கத்துக் கொடியில் காயப்போட்ட புடவையைப் பார்த்தேன், அசையவில்லை. துணி போகும், கொஞ்சம் தயங்கும், பிறகு வரும். வீசிங் பிள்ளையை மடியில் போட்டு வளர்த்தவள் நான். அந்தத் தயக்கம் எனக்குத் தெரியும்.

கையை எடுத்துவிட்டு ஓடியிருக்கலாம். எடுத்தால் ஒட்டு நிற்காது. இருநூறு வரை எண்ணினேன். எண்ணி முடித்ததும், என்ன தோன்றியதோ, துணியோடு வாயை வைத்துச் சொன்னேன்.

"எனக்கு ஒரே பொண்ணுங்க. மூணு நாளுதான். பார்த்துக்குங்க."

டெண்டை மடித்துப் பையில் போட்டேன். யூனிட்டில் லீவு இல்லை, தோழிகளோடு அனுப்பிவைத்தேன்.

இரண்டு நாளும் மலையில் மழை. பக்கத்து டெண்ட்களெல்லாம் ஒழுகி, பிள்ளைகள் குடையைப் பிடித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார்களாம். "எங்கதுல ஒரு சொட்டு எறங்கலம்மா" என்றாள் போனில். மூன்றாம் நாள் சாயங்காலம் அவள் தோழி போனைத் தூக்கிப் பிடித்து எனக்குப் பாட்டைக் கேட்க வைத்தாள். யூனிட் வாசலில் நின்று கேட்டேன். அந்த இடம் வந்தது. போனது, போனது, கடைசி வரை போய் இறங்கியது. நான் அழுததை வாட்ச்மேன் பார்த்தார், பார்த்துவிட்டுப் போகட்டும்.

"மேடையில எப்படிடி?" என்று பிறகு கேட்டேன். "அங்க டெண்டு இல்லியே."

"கைய சும்மா இப்படி நீட்டி வச்சுக்கிட்டேன்ம்மா. அங்க வச்ச மாதிரியேதான் இருந்துச்சு" என்றாள்.

மறுநாள் காலையில் மங்கலம்பேட்டையிலிருந்து போன் வந்தது.

"புள்ள நல்லபடியா பாடுச்சா?" என்று கேட்டார்.

"பாடுச்சு, பாயம்மா. ஒரு எடத்துலயும் முட்டல. நல்லா இருக்கா."

"நல்லதும்மா" என்றார். வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. பக்கத்தில் யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"அவரு?"

பொய்யா மெய்யா என்று பார்க்கிற இடமில்லை அது.

"நல்லா மூச்சு விடுறாருங்க" என்றேன்.