அண்ணாவின் முழங்கால்

உதைபந்தாட்டத்தைப் பற்றி எதுவுமே தெரியாமல், ஓர் இலையுதிர் காலம் முழுவதும் ஓர் ஆட்டத்தையும் தவறவிடாமல் பார்த்தவர் என் அம்மா. ஆப்கானிஸ்தானில் டென்மார்க் படைகள் சண்டையில் இருந்த காலம் அது. அண்ணா இராணுவப் பயிற்சிப் பள்ளியில் இருந்தான். பள்ளிக்கு ஓர் உதைபந்தாட்ட அணி இருந்தது. அண்ணா அதில் இடதுபக்கம் ஆடினான்.

அவன் அங்கே சேர்ந்தபோது அப்பா ஒன்றுதான் கேட்டார்.

“ஊர்ச் சண்டையிலை துவக்குக்குப் பயந்து இங்கை ஓடிவந்த வீட்டிலையிருந்து துவக்குத் தூக்கப் போறியோ?”

இது தன் நாடு என்று அண்ணா டேனிஷில் பதில் சொன்னான். அதன்பிறகு இருவருக்கும் பேச்சில்லை. ஆட்டம் நடக்கும் சனிக்கிழமைகளில் அப்பா காற்றாலைத் தொழிற்சாலையில் மேலதிக வேலை கேட்டு வாங்கிக்கொண்டார்.

அம்மா அதுவரை எங்கள் சிறு நகரமான பிராண்டேக்குள் கடைக்கும் தேவாலயத்துக்கும் மட்டுமே கார் ஓட்டியவர். இப்போது நெடுஞ்சாலையில் லொறிகளுக்குப் பின்னால், “யேசப்பா, யேசப்பா” என்றபடி என்னையும் ஏற்றிக்கொண்டு மைதானத்துக்குப் போனார். அங்கே பந்தைப் பார்க்கமாட்டார். பந்து எந்தப் பக்கம் போனாலும் அவர் கண் அண்ணாவிலேயே நிற்கும். எங்கள் அணி கோல் போட்டு நான் துள்ளினால், “அண்ணா விழுந்திட்டானோ?” என்பார்.

எனக்கு வேறு கவலை. அணியில் ஆட்கள் நிலைப்பதில்லை. ஒருவன் நன்றாக ஆடத் தொடங்கினால் கொஞ்ச நாளில் காணாமல் போவான். பயிற்சி முடிந்தவர்களைப் படைப்பிரிவுகளுக்கு அனுப்பிவிடுவார்களாம், அங்கிருந்து ஆப்கானிஸ்தான். போட்டிகள் முடியும்வரைகூடப் பொறுக்கத் தெரியாத இராணுவம் என்று எனக்குக் கோபம். அண்ணா மாசியில் போகவேண்டும். அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

கடைசி ஆட்டம் காவல்துறைப் பள்ளி அணியோடு. வென்றால் கிண்ணம். மழை பெய்துகொண்டிருந்தது. அண்ணா பந்தோடு ஓடினான். எதிரணிக்காரன் ஒருவன் சறுக்கி வந்து மோதினான். விழுந்த அண்ணா எழும்பவில்லை. அம்மா கயிற்றுக்குக் கீழே குனிந்து, சப்பாத்து ஒன்றைச் சேற்றில் விட்டுவிட்டு மைதானத்துக்குள் ஓடினார். நடுவர் விசிலை ஊதினார். அம்மா நிற்கவில்லை. ஆனால் அவருக்கு முன்பே எங்கள் கோல்காப்பாளன் அங்கே போய்விட்டான். அண்ணாவின் அறைத்தோழன், செம்பட்டை முடியும் பனை உயரமுமாக இருப்பான். அவன்தான் அண்ணாவைத் தூக்கிவந்தான்.

ஆஸ்பத்திரியில் வைத்தியர் சொன்னதை நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். “முழங்காலுக்குள்ளை சவ்வு அறுந்துபோச்சாம். ஒப்பரேசன் செய்யவேணுமாம். மாசியிலை போகேலாதாம்.”

அம்மா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

“அழாதேங்கோ அம்மா, சுகமாயிடுமாம்.”

கைகளை எடுத்தபோது அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். வைத்தியர் நாகரிகமாக யன்னலைப் பார்த்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அப்பா வேலை உடுப்போடு வந்து கட்டிலருகே நின்றார்.

“நோகுதோ?”

“ஓம் அப்பா.”

“நல்லது” என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு, “நல்லா நோகுதோ எண்டு கேட்டனான்” என்றார். அண்ணா, அந்த வலியிலும், வாய்விட்டுச் சிரித்தான்.

மாசியில் அண்ணாவின் இடத்தில் கோல்காப்பாளன் போனான். போகுமுன் விடைபெற வீட்டுக்கு வந்தான். அம்மா அவனுக்குச் சோறு போட்டார். கோழிக்கறி உறைத்து அவன் முகமெல்லாம் சிவந்தது. அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, “உன்ர அம்மா என்ன சொன்னவ?” என்று என்னைக் கேட்கச் சொன்னார்.

“ஒண்டும் சொல்லேல்லையாம். கேக் செய்து குடுத்தவவாம்” என்றேன்.

அம்மா எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார்.

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் தேவாலயத்தில் அவன் பெயரைச் சொல்லிச் சத்தமாக ஜெபித்தார். உச்சரிப்பு எப்போதும் பிழை. நான் திருத்துவேன், அடுத்த ஞாயிறும் அதே பிழை. அண்ணா மெல்லமெல்ல நடக்கத் தொடங்கினான். அப்பாவும் அவனும் ஆற்றங்கரைப் பக்கம் சேர்ந்து நடந்து வருவார்கள்.

கோடை முடிவில் ஒருநாள் வாசல் மணி அடித்தது. அம்மா கதவைத் திறந்தார். வெயிலில் கறுத்து, முழுசாக, அந்த நெட்டையன் நின்றான். அம்மா வாசலில் கழற்றிவைத்த சப்பாத்துகளுக்கு நடுவே நிலத்தில் அப்படியே குந்தி, ஓவென்று அழுதார். என்ன செய்வதென்று தெரியாமல் அவனும் பக்கத்தில் குந்திவிட்டான்.

“அண்ணா கால் உடைஞ்சு கிடக்கச் சிரிச்சனீங்கள். இவன் சுகமாத்தானே வந்திருக்கிறான், ஏன் அழுறீங்கள்?” என்று கேட்டேன்.

அம்மா, “தாயைப் பாத்திட்டுத்தான் இங்கை வந்தவனோ எண்டு கேள்” என்றார்.

கேட்டேன். நேற்றே பார்த்துவிட்டானாம்.

அதைக் கேட்ட பிறகுதான் அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். நான் ஒன்று கேட்க அவர் வேறொன்று கேட்கிறாரே என்று எனக்கு அன்றைக்கு எரிச்சலாக இருந்தது.