கலைத்துவிட்டு வந்த வாரம்

கைப்பிள்ளைக்குப் பத்து மாதம் நடக்கும்போது எனக்கு மறுபடியும் தரித்தது. பால் கொடுக்கிற வரைக்கும் பயமில்லை என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் நம்பியிருந்தேன். பிரசவத்துக்குப் பிறகு வீட்டு விலக்கு திரும்பவே இல்லை. அதனால் நாள் தள்ளிப்போனது என்று கண்டுபிடிக்கவும் வழியில்லை. அப்போது தாலுகா ஆபீசில் டைப்பிஸ்ட்டாக இருந்தேன். ஒரு நாள் காலையில் ஸ்டென்சில் மையின் வாடை தொண்டைக்குள் இறங்கியதும் எழுந்து பின்பக்கம் ஓடினேன். குழாயடியில் குனிந்து நின்றபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. சந்தோஷமும் வரவில்லை, பயமும் வரவில்லை. இன்னும் நாலு தாலுகா சுற்றறிக்கை அடிக்க வேண்டுமே என்றுதான் நினைத்தேன்.

அந்த வருஷங்களை நினைத்தால் எனக்குக் கால் வலிதான் முதலில் ஞாபகம் வரும். கணவருக்குப் பாபநாசம் அணையில் வேலை. வார விடுமுறைக்குத்தான் திருநெல்வேலி டவுனுக்கு வருவார். பெரியவள் எல்கேஜி போய்க்கொண்டிருந்தாள். பனி விழுந்தால் அவளுக்கு இழுப்பு வந்துவிடும், ராத்திரி பூராவும் மடியில் உட்காரவைத்துக்கொள்ள வேண்டும். சின்னவளை அடுத்த தெருவில் மதினி வீட்டில் விட்டுவிட்டு ஓடுவேன். மதினி என் கணவரின் அக்கா. கல்யாணமாகிப் பதினைந்து வருஷமாகியும் பிள்ளை இல்லை. அவள் வீட்டுக்காரர், நான் அண்ணாச்சி என்று கூப்பிடுவேன், சந்தி முனையில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். என் பிள்ளைகளை மதினிதான் வளர்த்தாள் என்று சொன்னால் மிகை இல்லை. சின்னவள் முதலில் அம்மா என்று கூப்பிட்டது அவளைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை கணவரிடம் சொன்னேன். 

“அத்தான், என்னால முடியாது,” என்றேன்.

“எனக்குத் தெரியாதா? உன்னப் பாத்தாலே தெரியுதுல்லா,” என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. சாயங்காலம் போய் ஜங்ஷனில் ஒரு மருந்துக் கடையிலிருந்து மாத்திரை வாங்கி வந்தார். இதைச் சாப்பிட்டால் தானாக வந்துவிடும் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தாராம். சாப்பிட்டேன். தலை சுற்றியது, வாந்தி கூடியது, மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டது. வரவேண்டியது மட்டும் வரவில்லை.

அந்த வாந்திதான் என்னைக் காட்டிக்கொடுத்தது. பிள்ளையை மதினி கையில் கொடுத்துவிட்டுத் திரும்புகையில் அவள் வீட்டு வாசலிலேயே வாந்தியெடுத்துவிட்டேன். மதினி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். நான் வாயைக் கொப்பளித்து முடித்ததும் கேட்டாள்.

“ஏளா, தரிச்சிருக்கா?”

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். அதற்கும் தெம்பு இல்லை. “ஆமா மதினி. வேண்டாம்னு இருக்கோம்,” என்றேன்.

அவள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். பிள்ளை அவள் தாலிச் சரட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. என் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னாள்.

“கலைச்சிராத. பெத்து எங்கையில குடுத்திரு. பாலுக்குக்கூட உன்னத் தேடாம நான் வளத்துக்கிடுதேன்.”

எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. எத்தனை வருஷமாக நெஞ்சில் வைத்திருந்ததை அவள் கேட்கிறாள் என்று புரிந்தது. ஆனாலும் என் உடம்பிலிருந்து எடுத்துக் கொடுக்க அப்போது என்னிடம் ஒன்றும் மிச்சம் இல்லை.

“வளக்கிறதுக்கு நீங்க இருக்கிய மதினி. பெறுததுக்கு நான்லா இருக்கணும்? எனக்கு உடம்பு இல்ல.”

அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்குச் சாயங்காலம் நான் போனபோது பிள்ளைக்குத் தலைவாரிப் பொட்டு வைத்துத் தயாராகத்தான் வைத்திருந்தாள். எப்போதும் தருகிற காப்பியை மட்டும் தரவில்லை.

பாளையங்கோட்டையில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் லேடி டாக்டர் ஒருவர் இருந்தார். என்னோடு வேலை பார்த்த ஒருத்தி சொல்லித்தான் போனேன். டாக்டர் வயிற்றைப் பரிசோதித்து, ஸ்கேனும் பார்த்து, இரண்டு மாதம் நிறையவில்லை என்றார். மாத்திரை சாப்பிட்டதைச் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“அது கலைக்கிற மாத்திரையே இல்லம்மா. அத விக்கவே கூடாது. கர்ப்பம் தங்கினவங்களுக்கு அதனால கலையாது, உடம்புதான் கெடும்.”

“அப்ப மாத்திரையில முடியாதா டாக்டர்?”

“வெளிநாட்டுல வந்திருக்குன்னு படிச்சேன். ஒரு மாத்திரை கர்ப்பத்தை வளர விடாம நிறுத்தும், அடுத்தது கர்ப்பப்பையைச் சுருங்க வச்சு வெளியே தள்ளும். வீட்டு விலக்கு மாதிரி, ஆனா வலியும் ரத்தப்போக்கும் அதவிடக் கூட இருக்குமாம். நம்ம ஊருக்கு இன்னும் வரல.”

அது இங்கே வந்து சேர இன்னும் பல வருஷம் ஆனது. எனக்கு அன்று இருந்த வழி, மயக்கம் கொடுத்து உறிஞ்சி எடுப்பது ஒன்றுதான். டாக்டர் பயமுறுத்தவும் இல்லை, லேசாக்கவும் இல்லை. இது சட்டப்படி நடக்கிற காரியம், உன் சம்மதம் போதும், வீட்டுக்காரர் கையெழுத்து தேவையில்லை என்று சொன்னார். கண் இமையை இழுத்துப் பார்த்து ரத்தம் குறைவாக இருக்கிறது என்றார். காலையில் வெறும் வயிற்றோடு வர வேண்டும், கூட ஒருத்தர் கட்டாயம் வர வேண்டும் என்றார்.

கணவர் லீவு போட்டுவிட்டு வருவதாக இருந்தது. அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. மலையில் விடாமல் பெய்து, அணையைத் திறந்துவிட்டார்கள். ஆட்கள் யாரும் இடத்தை விட்டு நகரக் கூடாது என்று உத்தரவு. கணவர் அண்ணாச்சி கடைக்குப் போன் போட்டுத் தகவல் சொன்னார். அண்ணாச்சி சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். நாளைத் தள்ளிப் போடலாம்தான். ஆனால் மறுபடியும் மனதைத் திடப்படுத்திக்கொண்டு, லீவு கேட்டு, இன்னொரு வாரம் வாந்தியோடு ஓடி, இதையெல்லாம் நினைக்கவே மலைப்பாக இருந்தது. போய்விடலாம், கூட யாரும் இல்லை என்று டாக்டரிடமே சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

குறித்திருந்த நாள் காலையில் கதவைத் திறந்தால் மதினி குடையோடு நிற்கிறாள். தலையைப் பின்னி முடித்து, வெளியே போகிற சேலை கட்டியிருந்தாள்.

“பெரியவள அண்ணாச்சிகிட்ட கடையில விட்டுருவோம். சின்னவள நான் தூக்கிக்கிடுதேன். வா, போவோம்.”

“நீங்களா மதினி?”

“வேற யாரு வருவா?”

டவுன் பஸ் பாலத்தில் ஊர்ந்துதான் போனது. ஆறு செம்மண் நிறத்தில் படித்துறை மண்டபங்களை மூழ்கடித்து ஓடிக்கொண்டிருந்தது. பாலத்துக் கைப்பிடிச் சுவர் நெடுக ஆட்கள் குடை பிடித்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். மதினி பிள்ளைக்குத் தண்ணீரைக் காட்டிக்கொண்டு வந்தாள். 

நர்சிங் ஹோமில் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, மதினியின் மடியில் பிள்ளையைப் பார்த்துவிட்டு, “அடுத்ததுக்கா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். மதினியும் சிரித்தாள்.  அப்போது டாக்டர் உள்ளே நுழைந்தார். மதினியைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“எப்படிம்மா இருக்கீங்க? வைத்தியத்தைப் பாதியிலே விட்டுட்டுப் போயிட்டீங்களே.”

எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இவ்வளவு வருஷமும் மதினி வைத்தியம் பார்த்தது இந்த டாக்டரிடம்தான். நான் எந்த ஆஸ்பத்திரி என்று அவளிடம் சொல்லியிருக்கவில்லை. வாசலில் பலகையைப் பார்த்தபோதே அவளுக்குத் தெரிந்திருக்கும். ஒரு வார்த்தை சொல்லாமல் என் பின்னால் படியேறி வந்திருக்கிறாள்.

“எனக்காக வரலம்மா,” என்றாள் மதினி. “இவளுக்குத் துணைக்கு வந்தேன்.”

டாக்டர் அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். தலையசைத்துவிட்டு உள்ளே போனார்.

நடந்ததைச் சொல்ல அதிகம் இல்லை. பச்சைத் துணி, குளிர்ந்த மேசை, கையில் ஊசி. அடுத்து நான் அறிந்தது அடிவயிற்றில் பிடித்திழுக்கிற ஒரு வலியும், வறண்ட நாக்கும், எங்கேயோ என் பிள்ளை அழுகிற சத்தமும். எழ முயன்றேன். நர்ஸ் அமுக்கிப் படுக்கவைத்தாள். மதினி வராந்தாவில் பிள்ளையைத் தோளில் போட்டு நடந்துகொண்டிருந்தாள். நான் எழுந்து உட்கார்ந்து, வாந்தி இல்லை என்று ஆன பிறகு, இனிப் பால் கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்னார். மறுபடி தரிக்காமலிருக்க நான் கேட்டிருந்த காப்பர் டியையும் போட்டிருப்பதாகச் சொன்னார். ஒரு வாரம், பத்து நாள் போக்கு இருக்கும், சில நாள் கட்டியாகவும் வரும், பிடித்துப் பிடித்து வலிக்கும். மணிக்கு ரெண்டு பேட் நனைந்து அப்படியே தொடர்ந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, கெட்ட வாடை வந்தாலோ, உடனே வர வேண்டும். காரணமில்லாமல் அழுகை வந்தாலும் பயப்படாதே என்றார். மதினி என்னைவிடக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆட்டோவில் திரும்பினோம். அன்றிலிருந்து மதினி எங்கள் வீட்டிலேயே இருந்தாள். சமைத்தாள், பெரியவளைப் பள்ளிக்கூடம் அனுப்பினாள், என் துணிகளையும் சேர்த்துத் துவைத்தாள். நான் தடுத்தும் கேட்கவில்லை. ஆனால் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள். நான் தூங்கினேன், பால் கொடுத்தேன், மறுபடி தூங்கினேன். ஒரு நாள் அவரைக்காய் நறுக்கும்போது கண்ணீர் கொட்டியது. துக்கம் என்று சொல்ல முடியாது. உடம்பு அதன் போக்கில் அழுதது.

அதற்கடுத்த நாள் மத்தியானம் வலி கூடியது. குளியலறையில் பெரிய கட்டியாக ஒன்று விழுந்ததைப் பார்த்துப் பயந்துபோய், “மதினி!” என்று கத்திவிட்டேன். அவள் ஓடிவந்து பார்த்தாள். முகம் மாறவில்லை.

“பயப்படாத. இது போறதுதான். ரத்தம் நிக்காம ஊத்துதான்னு மட்டும் பாப்போம்.” கட்டிலில் படுக்கவைத்து, வெந்நீர்ப் பையைச் சுற்றி வயிற்றில் வைத்தாள். ரத்தப்போக்கு மட்டுப்படுகிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு சொன்னாள்.

“எனக்கு இதவிடப் பெருசாப் போயிருக்கு. ரெண்டு தடவ.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவளுக்குத் தரிக்கவே இல்லை என்றுதான் குடும்பத்தில் எல்லாரும் பேசிக்கொள்வோம்.

“ரெண்டும் நிக்கல. தானாப் போச்சு. அண்ணாச்சிக்கு மட்டும்தான் தெரியும். உன் அத்தானுக்குக்கூடச் சொல்லல.” வெந்நீர்ப் பையைத் திருப்பி வைத்தாள். “ரெண்டாந் தடவ போனப்ப இங்கன யாரும் இல்ல. நான் ஒத்தையிலதான் கெடந்தேன். அதான் உன்ன ஒத்தையில விடக்கூடாதுன்னு வந்தேன்.”

“என் மேல கோவமா மதினி?”

“கோவம்தான். இல்லைன்னு சொல்லுவனா?” என்றாள். “ஆனா நீ படுத பாட்டையும் நான்தானே தினம் பாக்கேன். என்னால இப்பப் பேச முடியல. கொஞ்ச நாளைக்கு விட்டுரு. பைய சரியாயிரும்.”

 அவள் எழுந்து போய்ச் சோறு வடித்தாள்.

மழை விட்டு, தண்ணீர் இறங்கி, கணவர் வந்து சேர்ந்தபோது எனக்குப் போக்கு நின்றுகொண்டிருந்தது. அவர் அக்காவின் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அடுக்களைக்குப் போய்த் தேங்காய் துருவ ஆரம்பித்தார். எது செய்வது என்று தெரியாதபோது அவர் செய்கிற வேலை அது. மதினி தன் துணிகளை ஒரு பையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். திங்கட்கிழமை நான் ஆபீஸ் போனேன். காய்ச்சலா என்று சூப்பிரண்டு கேட்டார். ஆமாம் என்றேன். அணை திறந்ததால் வெள்ளச் சேத அறிக்கைகள் மேசையில் குவிந்து கிடந்தன. டாக்டர் கொடுத்த சத்து மாத்திரையைப் போட்டுக்கொண்டு மத்தியானம் வரைக்கும் அடித்தேன்.

மதினி சொன்னபடி பைய, மெதுவாகத்தான், சரியானது. காப்பி மறுபடி வந்தது தை மாதத்துக்குப் பிறகு என்று நினைக்கிறேன். சின்னவள் பள்ளிக்கூடம் சேர்கிற வருஷம் அண்ணாச்சி கடையை ஏரலுக்கு மாற்றினார், அவர்கள் அங்கே போய்விட்டார்கள். லாரியில் சாமான் ஏற்றும்போது சின்னவள் மதினியின் இடுப்பைவிட்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தாள். மதினி அவள் கையை ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டு, என்னிடம் கொடுத்தாள்.

“மத்தியானம் தயிர்ச்சாதம் மட்டும் குடுக்காத. சளி பிடிக்கி,” என்று சொல்லிவிட்டு லாரியில் முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.